முட்டை ஓய்ந்த பெட்டையும் கனக்கும் கறிக்கோழியும்: வடசென்னை வீடுகளுக்கான வழிகாட்டி

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே போனாலும் மொட்டை மாடியிலோ வீட்டின் பின்பக்கத்திலோ நாலைந்து கோழி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பெரும்பாலும் கலவையாகத்தான் இருக்கும். மூன்று வருடமாக முட்டை போட்ட சிறுவிடை என்னும் நாட்டு வகைப் பெட்டை ஒன்று, அதன் குஞ்சு வழியில் வந்த, இன்னும் முட்டைக்கு வராத விடைக்கோழி இரண்டு, பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய கலர்க்குஞ்சில் பிழைத்தது ஒன்று, பண்டிகைக்கு அறுக்கலாம் என்று வாங்கிவிட்ட பிராய்லர் இரண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கூடு, ஒரே தட்டு, ஒரே தீனி. புதிதாகக் கோழி வளர்க்க வருகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

ஏனென்றால் வயதான பெட்டையும் கறிக்கோழியும் நேரெதிரான காரணங்களால் நோயில் விழுகின்றன. பெட்டை வருடக்கணக்காகத் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்து முட்டை ஓட்டுக்குக் கொடுத்திருக்கிறது. அதன் எலும்பு மெலிந்து, முட்டைக்குழாய் தளர்ந்து, ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கும். கறிக்கோழியோ, இதயமும் காலும் தாங்குவதைவிட வேகமாகக் கனக்கிறது. ஒன்றுக்குக் குறைகிறது, இன்னொன்றுக்கு மிஞ்சுகிறது. இரண்டையும் ஒரே மாதிரி வளர்த்தால் இரண்டுமே கெடும்.

முதல் வேலை: எது என்ன கோழி என்று தெரிந்துகொள்வது

நாட்டுப் பெட்டை ஐந்தாறு மாதத்தில் முதல் முட்டை போடும். இரண்டு வயதுக்குப் பிறகு முட்டை வருடா வருடம் குறையும், ஓடு மெலியும், இறகு உதிர்ந்து மீண்டும் முளைக்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பண்ணையில் ஓய்ந்ததும் கழித்துவிட்ட வெள்ளைக் கோழியை மலிவாக வாங்கி வருகிறவர்களும் உண்டு. பண்ணைகள் பொதுவாக 72 வாரத்துக்கு மேல்தான் கழிக்கும். அதற்குள் அந்தக் கோழி முந்நூறு முட்டைக்கு மேல் போட்டிருக்கும். வயது ஒன்றரைதான் என்றாலும் உடம்பைப் பொறுத்தவரை அதுவும் கிழடுதான். அதை இளங்கோழி என்று நினைத்து நடத்தாதீர்கள்.

பிராய்லர் குஞ்சு ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும். தெருவில் விற்கும் கலர்க்குஞ்சு பெரும்பாலும் பிராய்லர் இல்லை. முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சு அது. கறி வைக்காது, ஆனால் பிழைத்துவிட்டால் சுறுசுறுப்பாக வளரும். வனராஜா, கிரிராஜா மாதிரி வகைகள் நடுவில் நிற்பவை. நாட்டுக்கோழியைவிட வேகமாகக் கனக்கும், பிராய்லர் அளவுக்குப் போகாது.

இடமும் தரையும்

பெட்டைக்கு உட்காரக் கம்பு வேண்டும். தரையிலிருந்து ஒன்று, ஒன்றேகால் அடிக்கு மேல் வேண்டாம். கைப்பிடிச் சுவர் மேலிருந்து சிமெண்ட் தரையில் திரும்பத் திரும்பக் குதிக்கும் கிழட்டுக் கோழிக்கு உள்ளங்கால் வெடித்துச் சீழ் கட்டும், மெலிந்த எலும்பும் முறியும். மேலே ஏறியே தீருவேன் என்கிற கோழிக்கு ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள்.

கறிக்கோழிக்குக் கம்பே வேண்டாம். தரையில் மூன்று அங்குலத்துக்கு உமியோ மரத்தூளோ பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் போதும். குஞ்சாக இருக்கும்போது செய்தித்தாள் மட்டும் விரிக்காதீர்கள். வழுக்கி வழுக்கிக் கால் அகன்றுபோனால் பிறகு நிமிர்த்துவது கடினம்.

அப்புறம் கொசு. பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் என்று மூன்று பக்கமும் தேங்கிய நீர் இருக்கிற ஊர் இது. கோழி அம்மையைக் கோழிக்குக் கோழி கடத்துவதில் கொசுவுக்குப் பெரிய பங்கு உண்டு. கூட்டைச் சுற்றி இரவில் கொசுவலை கட்டுவது ஆடம்பரம் இல்லை. மணலி, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்றில் கம்பிவலை சீக்கிரம் துருப்பிடிக்கும். அறுந்த முனைகளை அவ்வப்போது மடக்கிவிடுங்கள், காலைக் கிழித்துவிடும்.

கோழியை எங்கே மேய விடுகிறோம் என்பதும் முக்கியம். கொடுங்கையூர்க் குப்பைமேட்டு ஓரத்தில், ஒயர் எரித்துச் செம்பு எடுக்கும் இடங்களில், பழைய பெயிண்ட் சுரண்டிய மண்ணில் மேயும் கோழியின் முட்டைக்குள் ஈயமும் எரிபுகை நச்சும் சேரும். கோழி பார்க்க நன்றாகவே இருக்கும். அந்த முட்டையைச் சாப்பிடுவது நம் வீட்டுப் பிள்ளைகள். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் கோழியை அடைத்துத்தான் வளர்க்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தீனி

முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு சதவீதம். வளரும் கோழிக்கும் கறிக்கோழிக்கும் ஒரு சதவீதம் அளவு போதும். முட்டைக்கோழித் தீவனத்தைக் கறிக்கோழிக்கும் குஞ்சுக்கும் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும். பிராய்லர் தீவனத்தைக் கிழட்டுப் பெட்டைக்குப் போட்டால் கொழுப்பு ஏறும், ஓடு மட்டும் தேறாது.

இரண்டையும் தனித்தனியாக வைக்க இடமே இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனம் போட்டுவிட்டு, உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டை போடும் பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும், மற்றவை பெரும்பாலும் சீண்டாது. கிளிஞ்சல் பழவேற்காடு, எண்ணூர்க் கழிமுகப் பக்கம் கிடைப்பதுதான். கழுவிக் காயவைத்து, மிளகை விடச் சற்றுப் பெரிதாக உடைத்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைக் கொடுக்கக் கூடாது, வாயும் தொண்டையும் வெந்துவிடும். கூடு கழுவ, இறந்த கோழியைப் புதைக்கும் குழியில் தூவத்தான் அது.

காசிமேட்டு மீன் கழிவு நல்ல புரதம். இறகு உதிர்த்து நிற்கும் பெட்டைக்கு அதுதான் வேண்டும். வேகவைத்து, பெரிய முள்ளை எடுத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொஞ்சமாகப் போடலாம். அதிகமானால் முட்டையில் மீன் வாடை வரும். கருவாட்டுத் தூளும் கருவாடு கழுவிய நீரும் கூடவே கூடாது. உப்பு மிஞ்சினால் கோழி தண்ணீராய்க் குடிக்கும், நீர் நீராய்க் கழியும், தள்ளாடிச் சாயும். வயதான பெட்டையின் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தது, அதுதான் முதலில் போகும். ஊறுகாய், சிப்ஸ், மிஞ்சிய பிரியாணி எல்லாம் இந்தக் கணக்குதான்.

சோறும் நொய்யும் மட்டும் தின்று வளரும் முட்டை ஓய்ந்த பெட்டை குண்டாகும், ஈரல் கொழுத்து ஒருநாள் திடீரென்று விழும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கொஞ்சம் கம்பு, கொஞ்சம் தீவனம் என்று மாற்றிக் கொடுங்கள்.

வாரம் ஒரு இரவு, கையால் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கோழி நோயை மறைக்கும் பிராணி. கூட்டத்தில் பலவீனமாகத் தெரிந்தால் மற்றவை கொத்தும் என்பதால் கடைசிவரை நிமிர்ந்தே நிற்கும். கண்ணுக்குத் தெரியும்போது பல நேரம் காலம் கடந்திருக்கும். கை முன்னாடியே சொல்லிவிடும்.

இருட்டிய பிறகு, கோழி அடங்கியதும் பிடியுங்கள். அப்போது திமிறாது. இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடித்து, தலையைப் பின்பக்கமாக உங்கள் கைக்கடியில் விட்டுக்கொண்டால் அமைதியாக இருக்கும். முதலில் நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரு பக்கமும் சதை நிரம்பி, எலும்பு லேசாகத் தட்டுப்பட்டால் சரி. கத்தி முனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் கோழி இளைக்கிறது. புழுவோ பேனோ உள்நோயோ ஏதோ இருக்கிறது. இறகு மூடியிருப்பதால் பகலில் இது தெரியவே தெரியாது.

அடுத்து அடிவயிறு. கால்களுக்கு நடுவே, ஆசனவாய்க்குக் கீழே. மெத்தென்று இருக்க வேண்டும். தண்ணீர்ப் பை போல் தளும்பினாலும், மாவு உருண்டை போல் கெட்டிப்பட்டிருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். பிறகு ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பேனும் செள்ளும் அங்கேதான் மொய்க்கும், இறகின் அடியில் வெள்ளைவெள்ளையாக ஈர் ஒட்டியிருக்கும். எச்சம் காய்ந்து அப்பியிருந்தால் கழிச்சல். கடைசியாக உள்ளங்கால். கறுத்த பொருக்கும் வீக்கமும் இருக்கிறதா, கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்கி விடுங்கள்.

மறுநாள் விடியலில், தீனி போடுவதற்கு முன், கழுத்துக்குக் கீழே நெஞ்சின் மேல்பக்கம் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். இரவில் செரித்துக் காலியாக இருக்க வேண்டும். அப்போதும் கல்லாகவோ கொழகொழவென்றோ இருந்தால் அடைப்பு. நைலான் கயிறு, பாலித்தீன் துண்டு, நீளப் புல் எல்லாம் காரணமாகும்.

முடிந்தால் சமையல் தராசில் எடையைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். பெட்டையின் எடை இறங்கினால் கவலை. பிராய்லரின் எடை தாறுமாறாக ஏறினாலும் கவலைதான்.

பெட்டைக்கு வருபவை

அவசரமானது முட்டை அடைப்பு. வால் தொங்கி, உடம்பை நிமிர்த்திக்கொண்டு, முக்கி முக்கி நிற்கும். முட்டைப் பெட்டிக்குள் போகும், வரும், ஒன்றும் இருக்காது. உடனே தனியாக எடுத்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்து அடிவயிறு முழுகும்படி இருபது நிமிடம் உட்கார வையுங்கள். முதலில் உதறும், ஐந்து நிமிடத்தில் கண்ணைச் சொருகி அடங்கும். துடைத்து, ஆசனவாயில் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான அமைதியான அட்டைப் பெட்டியில் தண்ணீரோடு விடுங்கள். பல முட்டைகள் இதிலேயே வந்துவிடும். வயிற்றைப் பிதுக்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத் துண்டு கிழித்துச் சீழ் வைத்துக் கோழியைக் கொன்றுவிடும். சில மணி நேரத்தில் வரவில்லை என்றால், அதிகபட்சம் அன்றைக்குள், மருத்துவரிடம் போக வேண்டும்.

முட்டைக்குழாய் வெளியே தள்ளிவிட்டால் அந்த நிமிடமே கோழியைப் பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்திக் குடலையே உருவிவிடும். சுத்தமான நீரில் கழுவி, ஈரத் துணியால் மூடி, மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

உள்ளங்கால் வீக்கத்துக்கு ஆரம்பத்திலேயே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கிருமிநாசினி தடவி, துணி சுற்றி, மெத்தென்ற தரையில் விட்டால் ஆறும். வீட்டில் பிளேடு வைத்துக் கீற வேண்டாம். கால் செதில் தூக்கியிருந்தால் அதற்குள் பூச்சி இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, வேப்பெண்ணெயோ வாசலினோ வாரம் ஒருமுறை தடவி வந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் செதில் புதிதாகும். மண்ணெண்ணெய் வேண்டாம், தோல் வெந்துபோகும். பேனுக்குச் சாம்பலும் மணலும் கலந்த ஒரு தொட்டி வைத்தால் பெரும்பகுதியைக் கோழியே புரண்டு பார்த்துக்கொள்ளும். ஒயரோ பிளாஸ்டிக்கோ எரித்த சாம்பல் கூடாது, விறகுச் சாம்பல்தான்.

கறிக்கோழிக்கு வருபவை

பிராய்லரை மூன்றாவது வாரத்திலிருந்து நாள் முழுக்கத் தின்ன விடாதீர்கள். காலையும் மாலையும் அளந்து போட்டு, இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். வளர்ச்சி கொஞ்சம் தாமதமாகும், அது நல்லதுதான். கொண்டை நீலம் பாய்ந்து, மூச்சு வாங்கி, வயிறு நீர் கோத்துப் பெருத்தால் இதயம் தாங்கவில்லை என்று பொருள். அந்தக் கட்டத்தில் மருந்தால் பெரிதாகத் திருப்ப முடியாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அறுத்துவிடுவது கோழிக்கும் இரக்கம். அறுப்பதற்கு முன் எட்டு மணி நேரம் தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வையுங்கள்.

பிள்ளைகள் பேர் வைத்துவிட்டார்கள், அறுக்க மனம் வரவில்லை என்கிற வீடுகளும் உண்டு. அப்படியானால் அதன் தீனியை வாழ்நாள் முழுக்க அளந்துதான் போட வேண்டும், தினமும் நடக்கவிட வேண்டும். தட்டை ஒரு மூலையிலும் தண்ணீரை எதிர் மூலையிலும் வைத்தால் தானாக நடக்கும்.

கத்திரி வெயில்தான் இதற்கு எமன். கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூடே 41 டிகிரி பக்கம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே மதியம் தின்றால், செரிக்கும் சூடும் சேர்ந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் செத்துவிடும். வெயில் மாதங்களில் காலை பத்து மணிக்குத் தட்டை எடுத்துவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு வையுங்கள். ஷீட்டுக்கு மேல் தென்னங்கீற்றோ ஈரச் சாக்கோ போடுங்கள். மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும், அதை அப்படியே ஊற்றாதீர்கள். மண்சட்டியில் வைத்து மணிக்கொருதரம் மாற்றுங்கள்.

தடுப்பூசி

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். முதல் வாரத்தில் எஃப்1 அல்லது லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டு, நான்காவது வாரம் திரும்ப லசோட்டா, எட்டாவது வாரம் இறக்கையில் தோலுக்கடியில் ஆர்2பி ஊசி. ஆறு வாரத்தில் அறுக்கும் பிராய்லருக்கு ஊசி வரை போக வேண்டியதில்லை. வயதான பெட்டைக்கு எப்போது திரும்பப் போடுவது என்பதை மருத்துவர் சொல்வார். கிழடுதானே என்று விட்டுவிடாதீர்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, இரண்டு நாளில் கூடே காலியாகும் நோய் இது. கழிச்சலின்போது வீட்டில் கொடுக்கும் சீரகம், மிளகு, பூண்டு, கீழாநெல்லி உருண்டை கோழிக்கு ஒரு தெம்பு கொடுக்கலாம், தடுப்பூசியின் இடத்தைப் பிடிக்காது.

மருந்துக் குப்பியில் பெரும்பாலும் நூறு கோழிக்கான அளவு இருக்கும். கலந்த பிறகு ஓரிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. ஆகவே தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்வது நல்லது. ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். குடிநீரில் கலந்து கொடுப்பதானால் மெட்ரோ வாட்டரை அப்படியே பயன்படுத்தாதீர்கள், அதில் உள்ள குளோரின் தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும். கொதிக்கவைத்து நன்றாக ஆறவைத்த நீரில் சிறிது பால்பவுடர் கலந்துகொள்ளுங்கள்.

மழைக்காலம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்று அந்தந்தத் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஐப்பசிக்கு முன்பே கூட்டைச் செங்கல் வைத்து உயர்த்திவிடுங்கள். நனைந்த உமியை அன்றே மாற்றுங்கள். ஈரக் கூளத்தில் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும், இளங்கோழிக்கும் கறிக்கோழிக்கும் அதுதான் பேராபத்து. பூஞ்சை வாடை வரும் தீவனத்தை வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று எண்ண வேண்டாம். பூஞ்சை நச்சு காய்ந்தாலும் போகாது, பெட்டையின் ஈரலைத் தாக்கும். மூடியுள்ள டின்னில் பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி வையுங்கள். பெருச்சாளியும் உள்ளே வராது.

மருந்து, மருத்துவர், இறந்த கோழி

கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கோலிஸ்டினைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை இந்திய அரசு 2019-ல் தடை செய்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. எந்த மருந்தானாலும், எத்தனை நாள் முட்டை எடுக்கக் கூடாது, எத்தனை நாள் அறுக்கக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடற்புழு மருந்துக்கும் இதேதான். நோயில் சாயும் கோழியை, சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைப்பது இங்கே சர்வசாதாரணம். செய்யாதீர்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்காதீர்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, பெரிய மருத்துவ இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. 1903-ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமும் நோயறியும் ஆய்வகமும் மாதவரம் பால்பண்ணையில் இருக்கின்றன. பெட்டையைக் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போகலாம், பையில் தலையை மட்டும் வெளியே விட்டுத் தூக்க வேண்டாம்.

ஒரே நாளில் பல கோழிகள் விழுந்தாலோ, காகங்களும் சேர்ந்து செத்துக் கிடந்தாலோ எதையும் கையால் தொடாமல், எங்கும் கொண்டு போகாமல், அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். அவர்களே வந்து மாதிரி எடுப்பார்கள்.

ஒரு கோழி மட்டும் காரணம் தெரியாமல் இறந்தால் கால்வாயில் வீசாதீர்கள். கையுறை போட்டு, இரண்டு பாலித்தீன் உறையில் கட்டி, ஐஸ் வைத்து, ஆய்வகத்துக்கு முதலில் போன் செய்துவிட்டு அன்றே கொண்டு போங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் உள்ளுறுப்பைப் பார்த்துச் சொல்வது கடினமாகிவிடும். கூடவே ஒரு தாளில் கோழியின் வயது, என்ன தீனி, கடைசித் தடுப்பூசி எப்போது, எச்சம் எப்படி இருந்தது, கூட்டில் வேறு எத்தனை கோழி இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். அறுத்துப் பார்ப்பவர் முதலில் கேட்பது அவைதான்.